ஒரு சாண் கறுப்பு ஒயர்

மாணவர் பேரவை ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த தம்பிகளிடம், "கவிதை எழுதித் தரட்டுமா?" என்றேன். "அய்யோ அண்ணே, கவிதை கட்டுக்கட்டா வந்து கெடக்குது. ஏதாவது பாடமா எழுதுங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டார்கள். சரி, பாடமே எழுதுகிறேன். ஆனால் இது வகுப்பறையில் படித்த பாடம் அல்ல. அப்பா வேலை செய்கிற இடத்தில், பத்துப் பேர் முன்னால் தலைகுனிந்து நின்று படித்த பாடம்.

எங்கள் குழுவில் நான்கு பேர். இறுதியாண்டு புராஜெக்ட்டுக்குத் தோல் கம்பெனியின் கழிவுநீர்த் தொட்டியை எடுத்துக்கொண்டோம். தொட்டி நிரம்பினால் பம்பு தானாக ஓட வேண்டும், வற்றினால் தானாக நிற்க வேண்டும். மிதவை சுவிட்ச் ஒன்று, ஒரு அர்டுயினோ, யு.எல்.என். 2003 ஐ.சி. வைத்த ரிலே போர்டு ஒன்று. ரிலே போய் கான்டாக்டரை இழுக்கும், கான்டாக்டர் பம்பு மோட்டாரை ஓட்டும். அவ்வளவுதான். லேபில் முப்பது தடவை சோதித்தோம். முப்பது தடவையும் 'டக், டக்' என்று ரிலே பேசியது.

ராணிப்பேட்டை பக்கம் ஒரு தோல் கம்பெனியில் என் அப்பா டிரம் ஓட்டுகிறார். சோளிங்கரில் இருந்து தினமும் பஸ் ஏறிப் போய் வருகிறவர். "எம் புள்ள ஒரு மிசின் செஞ்சிருக்கான், ஒரு தபா வச்சிப் பாக்கட்டுமா?" என்று சூப்பர்வைசரிடம் அவர்தான் கேட்டு அனுமதி வாங்கினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை போனோம். பெட்டியை மாட்டினோம். தொட்டி நிரம்பியது. மிதவை மேலே வந்தது. அர்டுயினோவில் விளக்கு எரிந்தது. ரிலே மட்டும் வாய் திறக்கவில்லை.

ரிலேயை மாற்றினோம். ஐ.சி.யை மாற்றினோம். புரோகிராமைத் திரும்ப ஏற்றினோம். தொட்டி விளிம்பு வரை வந்துவிட்டது. சூப்பர்வைசர் கையாலேயே ஸ்டார்ட்டரைத் தட்டிவிட்டு, "பரவால்ல தம்பி, காலேஜில வேலை செஞ்சிருக்கும்" என்றார். அப்பா ஒன்றும் பேசவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து, ஈரமே இல்லாத கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அங்கே எலக்ட்ரீசியன் அண்ணன் ஒருவர் இருந்தார். ஐ.டி.ஐ. படித்தவர். பெட்டியைக் குனிந்து பார்த்தார். "இதுக்கு ஒரு அடாப்டர், அதுக்கு ஒரு அடாப்டர். இங்கேர்ந்து அங்க சிக்னல் ஒத்த ஒயர்ல போவுது. போறது சரிப்பா, திரும்பி எதுல வரும்?" என்று கேட்டார். பையில் இருந்து ஒரு சாண் கறுப்பு ஒயரை வெட்டி, அர்டுயினோவின் கிரவுண்டில் ஒரு முனையையும், ரிலே போர்டின் கிரவுண்டில் மறு முனையையும் செருகினார்.

'டக்!' பம்பு ஓடியது.

மூன்று வருடம் எலக்ட்ரானிக்ஸ் படித்த நான்கு பேருக்குத் தெரியாத அந்தக் கறுப்பு ஒயரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

படிக் கணக்கு

நம்ம ஊர் மலையையே எடுத்துக்கொள்வோம். யோக நரசிம்மர் இருக்கும் பெரிய மலைக்கு 1305 படி. யோக ஆஞ்சநேயர் இருக்கும் சின்ன மலைக்கு 406 படி. (2024-ல் வந்த ரோப் காரில் போகிறவர்கள் இந்தக் கணக்கில் சேர வேண்டாம்!) நான் பெரிய மலையில் 300-வது படியில் நிற்கிறேன். என் நண்பன் சின்ன மலையில் 300-வது படியில் நிற்கிறான். இருவரில் யார் உயரத்தில் இருக்கிறோம்? சொல்ல முடியாது. இரண்டு மலையின் அடிவாரமும் ஒரே மட்டமா என்பது தெரிந்தால்தான் பதில் சொல்லலாம்.

வோல்ட்டும் அப்படித்தான். 'இந்த முனையில் 5 வோல்ட்' என்று சொல்வது பாதி வாக்கியம். எங்கிருந்து 5 வோல்ட்? தன் அடிவாரத்திலிருந்து. மின்சுற்றின் அடிவாரத்துக்குப் பெயர்தான் கிரவுண்டு. அர்டுயினோ தன் அடிவாரத்திலிருந்து 5 படி ஏறி நின்று கை காட்டியது. ரிலே போர்டின் அடிவாரம் எங்கோ வேறு மட்டத்தில் மிதந்துகொண்டிருந்தது. அதற்கு அந்தக் கை தெரியவில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. மின்னோட்டம் என்பது வட்டம். போன இடத்திலிருந்து புறப்பட்ட இடத்துக்குத் திரும்பியாக வேண்டும். யு.எல்.என். 2003-ன் உள்ளீட்டுக்கு 5 வோல்ட் கொடுத்தால் சுமார் 1 மில்லி ஆம்பியருக்குச் சற்று மேல் உள்ளே போகும். அது 8-வது காலான கிரவுண்டு வழியாக வெளியே வந்து, அர்டுயினோவுக்கே திரும்ப வேண்டும். திரும்பும் வழி இல்லையென்றால் போகவும் போகாது. போக ஒரு ஒயர், வர ஒரு ஒயர். சிக்னலுக்கும் இதே சட்டம்தான்.

அப்படியானால் லேபில் எப்படி ஓடியது?

இந்தக் கேள்விதான் என்னை ஒரு வாரம் தூங்கவிடவில்லை. லேபிலும் நாங்கள் அந்தக் கறுப்பு ஒயரைப் போடவில்லையே!

விடை சுவருக்குள் இருந்தது. லேபில் அர்டுயினோவை மேசைக் கம்ப்யூட்டரில் யு.எஸ்.பி. கேபிளால் மாட்டியிருந்தோம். அந்தக் கம்ப்யூட்டரின் சிக்னல் கிரவுண்டு அதன் இரும்புப் பெட்டியோடு சேர்ந்தது. இரும்புப் பெட்டி மூன்று முனை பிளக்கின் எர்த் முனையோடு சேர்ந்தது. ரிலே போர்டுக்கு 12 வோல்ட் கொடுத்த லேப் பவர் சப்ளையில் கறுப்பு முனைக்கும் பச்சை முனைக்கும் நடுவே ஒரு சின்னத் தகடு. பச்சை முனை என்றால் எர்த். ஆக, கட்டிடத்தின் எர்த் ஒயர் எங்களுக்குத் தெரியாமலேயே அந்தக் கறுப்பு ஒயரின் வேலையைச் செய்துகொண்டிருந்தது. கம்பெனியில் இரண்டு முனை அடாப்டர்களுக்கு மாறியதும் அந்த ரகசிய வழி அடைபட்டுவிட்டது.

தம்பிகளே, 'லேபில் ஓடுச்சு சார், இங்க ஓடல சார்' என்று சொல்லும்போதெல்லாம் முதலில் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

மூன்று பெயர், மூன்று பொருள்

நியூட்ரல், எர்த், கிரவுண்டு மூன்றையும் நாம் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறோம்.

நியூட்ரல் என்பது மின்னோட்டம் டிரான்ஸ்ஃபார்மருக்குத் திரும்பும் தினசரிப் பாதை. டிரான்ஸ்ஃபார்மரில் அதை மண்ணோடு சேர்த்திருப்பார்கள். ஆனால் நம் வீட்டுக்கு வரும்போது அதில் சில வோல்ட் ஏறியிருக்கலாம். எங்காவது நியூட்ரல் அறுந்தால், எரிகிற பல்பு வழியாக 230 வோல்ட்டும் அந்த ஒயரில் வந்து நிற்கும். ஆகவே நியூட்ரலை எர்த்தாகப் பயன்படுத்துவது தற்கொலைக்குச் சமம்.

எர்த் என்பது பாதுகாப்புப் பாதை. சாதாரண நாளில் அதில் மின்னோட்டம் ஓடக்கூடாது. மூன்று முனை பிளக்கில் எர்த் முனை நீளமாக இருப்பது, அது முதலில் தொட்டுக் கடைசியில் விடவேண்டும் என்பதற்காக.

கிரவுண்டு என்பது சுற்றின் பூஜ்ய மட்டம். அது மண்ணைத் தொட வேண்டிய அவசியம் இல்லை. பைக்கில் பேட்டரியின் எதிர்முனையைச் சேசிஸில் இணைக்கிறார்கள். வண்டி ரப்பர் டயரில்தான் ஓடுகிறது. சட்டைப்பையில் இருக்கும் செல்போனுக்கும் கிரவுண்டு உண்டு, மண் கிடையாது.

மண்ணே ஒயராக

1838-ல் ஜெர்மனியில் ஸ்டைன்ஹைல் என்ற அறிஞர் தந்திக்கு இரண்டு ஒயர் தேவையில்லை, ஒரு ஒயர் போதும், மறு ஒயராக மண்ணையே பயன்படுத்தலாம் என்று கண்டுபிடித்தார். பாதி ஒயர் மிச்சம் என்றால் எவ்வளவு பணம்! தந்தி நாடு நாடாகப் பரவியதில் இந்தக் கண்டுபிடிப்புக்குப் பெரிய பங்கு உண்டு. தொலைபேசியும் முதலில் அப்படியே வந்தது. பிறகு நகரங்களில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. சென்னையில் அது 1895-ல் வந்தது. டிராமின் மின்னோட்டமும் தண்டவாளம், மண் வழியாகத்தான் திரும்பும். மண்ணை ஒயராகக் கொண்ட தொலைபேசிகளில் ஒரே இரைச்சல். கடைசியில் தொலைபேசிக்கு இரண்டு ஒயர் போட்டுத்தான் தீர்த்தார்கள். எல்லோருக்கும் பொதுவான பாதையில் எல்லோருடைய குப்பையும் வரும் என்பது அன்றே தெரிந்த பாடம்.

இதே விஷயத்தை நம் பக்கத்திலேயே பார்க்கலாம். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-ல் ராயபுரத்துக்கும் வாலாஜாவுக்கும் இடையே ஓடியது. அந்தப் பாதையில் இன்று 25,000 வோல்ட் மின்சார ரயில் ஓடுகிறது. ஊரைவிட்டுத் தள்ளி இருந்தாலும் ஊர்ப்பெயரைத் தாங்கி நிற்கும் சோளிங்கர் ஸ்டேஷனில் நின்று அண்ணாந்து பாருங்கள். ஒவ்வொரு பாதைக்கும் தலைக்கு மேல் மின்சாரம் கொண்டுவரும் கம்பி மட்டும்தான் இருக்கிறது. திரும்பும் கம்பி எங்கே? காலடியில். தண்டவாளமும் மண்ணும்தான் திரும்பும் பாதை. அதனால்தான் தண்டவாள ஓரத்து இரும்புத் தூண்களைத் தண்டவாளத்தோடும் மண்ணோடும் இணைத்து வைக்கிறார்கள். தொடக்கூடிய இரும்பெல்லாம் ஒரே மட்டத்தில் இருந்தால் தொடுகிறவனுக்கு ஆபத்து இல்லை.

மாமாவின் மைக் செட்

'சரி, கிரவுண்டை இணைப்பது நல்லது என்றால் பத்து இடத்தில் இணைக்கலாமே?' என்று கேட்கலாம். அதற்குப் பதில் என் தாய்மாமாவிடம் இருக்கிறது. அவர் மைக் செட் வைத்திருக்கிறார். கார்த்திகை மாதம் வந்தால் ஊரே திருவிழா. மாமாவுக்குத் தூக்கம் கிடையாது.

ஒரு நிகழ்ச்சியில் மேடையோரம் மிக்சர், ஐம்பது மீட்டர் தள்ளி ஆம்ப்ளிஃபையர். இரண்டுக்கும் வேறு வேறு இடத்திலிருந்து கரண்ட். பெட்டிகளை இணைக்கும் ஆடியோ கேபிளின் வலை ஒயர் ஒரு கிரவுண்டு இணைப்பு. சுவரின் எர்த் ஒயர் இன்னொரு கிரவுண்டு இணைப்பு. இரண்டும் சேர்ந்து ஒரு வளையம். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் ஐம்பது மீட்டருக்குச் சுமார் 0.6 ஓம். எர்த்தில் 100 மில்லி ஆம்பியர் கசிவு ஓடினாலே 60 மில்லிவோல்ட். மிக்சரிலிருந்து வரும் பாட்டு 1 வோல்ட் அளவுதான். அதோடு இந்த 50 சைக்கிள் 'உம்ம்ம்' சேர்ந்தால், பாட்டு நிற்கிற இடைவெளியில் காது கூசும்.

மாமா என்ன செய்தார்? எல்லோரும் செய்வதைச் செய்தார். ஆம்ப்ளிஃபையர் பிளக்கின் எர்த் முனையைக் கழற்றிப் போட்டார். இரைச்சல் நின்றது. "பாத்தியாடா மாப்ள, உம் படிப்பை விட என் அனுபவம்" என்றார். அன்று சாயங்காலம் தூறல் போட்டது. வெறுங்காலோடு வந்து மைக்கைப் பிடித்த பெரியவருக்கு உதட்டில் சுருக்கென்று இழுத்தது. நல்லவேளை, மைக்கைத் தூக்கி எறிந்துவிட்டார். பெட்டிக்குள் கசிந்த கரண்ட்டுக்கு எர்த் வழி இல்லை. வலை ஒயர் வழியாக மைக்குக்கு வந்து, அவர் உடம்பு வழியாக மண்ணுக்குப் போனது. உடம்பில் 1 மில்லி ஆம்பியர் ஓடினால் சுருக்கென்று தெரியும். 10-ஐத் தாண்டினால் பிடித்ததை விட முடியாமல் போகலாம். 30-க்கு மேல் உயிருக்கு ஆபத்து. அதனால்தான் வீட்டுக்குப் போடும் ஆர்.சி.சி.பி. 30 மில்லி ஆம்பியரில் விழுகிறது.

சரியான வைத்தியம் மூன்று. இரண்டு பெட்டிக்கும் ஒரே போர்டிலிருந்து கரண்ட் எடுக்கலாம். இரண்டு பெட்டியும் தனித்தனியே எர்த் ஆகியிருந்தால், ஆடியோ கேபிளின் வலை ஒயரை ஒரு முனையில் மட்டும் இணைக்கலாம். எல்லாவற்றையும் விட நல்லது, நடுவில் ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர் போடுவது. வளையத்தை வெட்ட வேண்டியது சிக்னல் பக்கத்தில். எர்த் முனையில் ஒருபோதும் இல்லை. மாமா இப்போது டிரான்ஸ்ஃபார்மர் வைத்திருக்கிறார். ஆனால் அனுபவத்தைப் பற்றிப் பேசுவதில்லை.

பீக்கரில் சரி, தொட்டியில் தப்பு

நம் தோல் தொழில் பகுதியில் இதே வளையம் வேறு வேஷத்தில் வரும். பி.எச். மீட்டர் பீக்கரில் சரியாகக் காட்டும். அதையே தொட்டியில் விட்டால் தப்பாகக் காட்டும். பம்பு ஓடினால் இன்னும் தப்பு. எலக்ட்ரோடைக் குறை சொல்லித் தூக்கிப் போடுகிறார்கள்.

உண்மையில் கழிவுநீர் உப்பு நீர். அது தண்ணீர் அல்ல, ஒயர் என்றே நினையுங்கள். அந்த நீர் பம்பின் இரும்பைத் தொடுகிறது, பம்பு எர்த்தில் இருக்கிறது. மீட்டரின் கிரவுண்டும் பிளக் வழியாக இன்னொரு இடத்தில் எர்த்தில் இருக்கிறது. இரண்டு எர்த்துக்கும் நடுவே உள்ள வித்தியாசம் எலக்ட்ரோடு வழியாக மீட்டருக்குள் நுழைகிறது. 25 டிகிரி வெப்பத்தில் ஒரு பி.எச். என்பது 59 மில்லிவோல்ட்தான். 30 மில்லிவோல்ட் திருட்டுத்தனமாக நுழைந்தாலே அரை பி.எச். தவறு.

குரோம் பதனிடுதலைச் சுமார் 3 பி.எச்.-ல் தொடங்கி, மெல்ல மெல்ல 4-க்கு அருகே கொண்டுவருவார்கள். அவசரமாக ஏற்றினால் குரோம் மேற்பரப்பிலேயே படிந்து உள்ளே இறங்காது. அங்கே அரை பி.எச். என்பது தோலின் விலை. கழிவுநீரிலோ அது ஊரின் விலை. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28-ல் தீர்ப்பு சொன்ன நாளிலிருந்து, அளந்து பார்த்து விடு என்பது நம் பகுதிக்கு எழுதிய விதி. அளவே பொய் என்றால்?

சோதிக்க எளிய வழி: மீட்டரைப் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். பேட்டரியில் சரி, அடாப்டரில் தப்பு என்றால் எலக்ட்ரோடு நிரபராதி. குற்றவாளி கிரவுண்டு வளையம். தனிமைப்படுத்தப்பட்ட டிரான்ஸ்மிட்டர் போட்டால் தீரும்.

செய்முறை

1. இரண்டு கருவியையும் இணைக்கும் முன் இரண்டு கிரவுண்டுக்கும் நடுவே மல்ட்டி மீட்டரை ஏ.சி.யிலும் டி.சி.யிலும் வைத்துப் பாருங்கள். இரண்டு முனை அடாப்டர்களில் சில பத்து வோல்ட் ஏ.சி. காட்டிப் பயமுறுத்தலாம். 100 கிலோ ஓம், 1 வாட் ரெசிஸ்டரை மீட்டர் முனைகளுக்குக் குறுக்கே வைத்துத் திரும்பப் பாருங்கள். அளவு சட்டென்று விழுந்தால் அது வெறும் கசிவு. விழாமல் நின்றால் இணைக்காதீர்கள், எங்கோ நேரடிக் கரண்ட் இருக்கிறது. இந்தச் சோதனையை ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது செய்யுங்கள்.

2. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, முதலில் கிரவுண்டு ஒயர், பிறகு சிக்னல் ஒயர், கடைசியில் பவர். கழற்றும்போது தலைகீழ். கிரவுண்டைக் கடைசியில் மாட்டினால் கசிவுக் கரண்ட் சிக்னல் கால் வழியாகப் போய் ஐ.சி.யைக் கொல்லும்.

3. எதிர்முனையோடு எதிர்முனை மட்டும். இரண்டு சப்ளையின் நேர்முனைகளைச் சேர்க்காதீர்கள்.

4. ஒரே புள்ளியில் எல்லாக் கிரவுண்டையும் சேருங்கள். மோட்டாரின் கரண்ட் திரும்பும் பாதை தனியாக அந்தப் புள்ளிக்கு வரட்டும். 0.1 ஓம் உள்ள மெல்லிய ஒயரில் 2 ஆம்பியர் போனால் 0.2 வோல்ட் அடிவாரம் ஆடும்.

5. தனித்தனிக் குழியில் கம்பி அடித்துவிட்டுப் பொது கிரவுண்டு என்று நினைக்காதீர்கள். நம்முடையது பாறை மண். ஒரு குழி 5 ஓம் இருந்து 2 ஆம்பியர் கசிந்தால் 10 வோல்ட் ஏறிவிடும். 1966-ல் வந்து, 1987-லும் 2018-லும் திருத்தப்பட்ட ஐ.எஸ். 3043 எர்த்திங் விதித்தொகுப்பை நூலகத்தில் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

6. டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல், கெபாசிட்டர் மட்டும் வைத்து 230 வோல்ட்டைக் குறைக்கும் மலிவுச் சுற்றுகளின் கிரவுண்டைத் தொடவும் கூடாது, இணைக்கவும் கூடாது. அங்கே ஆப்டோ கப்ளர் போடுங்கள். எம்.சி.டி. 2இ நம் லேபிலேயே இருக்கிறது. அதில் சிக்னல் ஒளியாகத் தாண்டும், கிரவுண்டு தாண்டாது. ஆப்டோவைப் போட்டுவிட்டு, பழக்கதோஷத்தில் இரண்டு பக்கக் கிரவுண்டையும் ஒயரால் சேர்த்துவிடாதீர்கள். போட்டதே வீண்!

சுருக்கமாகச் சொன்னால்: பேச வேண்டிய இரண்டு கருவிக்கும் ஒரு பொது அடிவாரம் வேண்டும். அது ஒன்றாக இருக்க வேண்டும், இரண்டாக அல்ல. சேர்க்கக் கூடாத இடத்தில் ஒளியையோ டிரான்ஸ்ஃபார்மரையோ நடுவில் வை. உயிரைக் காக்கும் எர்த்தில் மட்டும் கை வைக்காதே.

அந்த ஞாயிற்றுக்கிழமை திரும்பும்போது பஸ்ஸில் அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். வெகுநேரம் கழித்து, "அந்த ஒயர் இன்னா விலை இருக்கும்?" என்று கேட்டார். "ஒரு ரூபாகூட இருக்காதுப்பா" என்றேன். "ஒரு ரூபா ஒயர்ல இம்மாம் பெரிய மோட்டர் நின்னு போச்சே" என்று சிரித்தார். பிறகு அவரே, "நம்ம ஊட்டு மிக்சிக்கு அந்த மூணாவது ஓட்டையில கரண்ட்டு இருக்குதா இல்லையான்னு பாத்தியா?" என்றார். கரண்ட் அல்ல அப்பா, எர்த் என்று திருத்தவில்லை. போய்ப் பார்த்தேன். சாக்கெட்டில் மூன்று ஓட்டை இருந்தது. பின்னால் இரண்டு ஒயர்தான் வந்திருந்தது. எத்தனை வருடமாக அம்மா அந்த மிக்சியை ஈரக்கையால் தொட்டுக்கொண்டிருந்தாரோ!

அடுத்த வாரமே எர்த் இழுத்தோம். அதற்குப் பிடித்த ஒயர் பச்சை.

நண்பர்களே, புராஜெக்ட்டுக்குக் கறுப்பு ஒயரைப் பாருங்கள். வீட்டுக்குப் போனால் பச்சை ஒயரைப் பாருங்கள். இந்த மலரை மூடி வைத்துவிட்டு, இன்றே.

— இறுதியாண்டு மாணவன், மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை